பாஸேஜ் 8-ம் நீலம், பாஸேஜ் 22-ம் நீலம்: பீட்டா-கேல் சாயத்தில் எங்கே தப்பு?

நீலவல்லி, டர்பன்:
பீட்டா-கேல் மூப்படைஞ்ச செல்லை நீலமாக்கிக் காட்டுற சாயம். பாஸேஜ்னா செல்லைப் பிரிச்சுப் புதுத் தட்டில் போடுற தடவை; 8 இளசு, 22 மூத்தது. மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்), 6 கிணறு தட்டு. 2% ஃபார்மால்டிஹைடு, 0.2% குளூட்டரால்டிஹைடில் 5 நிமிடம் ஃபிக்ஸ் (செல்லை அப்படியே நிலைநிறுத்துறது). சாயக் கரைசல் பிஎச் 6.0. செல் தட்டு முழுக்க நிறைஞ்சிருந்தது. வழக்கமான 5% சிஓ2 இன்குபேட்டரில் 24 மணி நேரம். இரண்டு தட்டும் ஒரே நீலம். க்யூபிசிஆரில் (மரபணு எவ்வளவு இயங்குதுன்னு அளக்கிற முறை) பி16-ம் (செல் பிரிவை நிறுத்தும், மூப்பில் ஏறும் புரதம்) ஏறத்தாழ ஒரே சிடி (அளவைக் காட்டும் சுழற்சி எண்). செல் மூப்படையவே இல்லையா, சாயம் பொய் சொல்லுதா?

கப்பல்துறை:
முதல் சந்தேகம் இன்குபேட்டர் மேல. சாயத்தை நீலமாக்கும் நொதி எல்லா செல்லின் லைசோசோமிலும் (கழிவைச் செரிக்கும் பை) இருக்கிற சாதாரண பீட்டா-கேலக்டோசிடேஸ்தான்; அதுக்கு உகந்த பிஎச் 4 - 4.5. அந்த பிஎச்சில் வெச்சா பச்சிளம் செல்லும் நீலமாகும். 6.0-ல் வேலை குறைஞ்சிடும். மூத்த செல்லில் லைசோசோமும் நொதியும் பெருகியிருப்பதால்தான் அங்கேயும் நிறம் தெரியுது. 1995-ல் மூப்பு ஆய்வாளர் ஜூடித் காம்பிசியின் குழு வெளியிட்ட முறையின் சூட்சுமமே இது. சிஓ2 கரைஞ்சு பிஎச் இறங்கினா அந்த வித்தியாசம் போச்சு. பாக்டீரியா வளர்க்கிறவங்களோட சிஓ2 இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரை இரவல் வாங்குங்க. தட்டு ஓரத்தில் பாராஃபில்ம் (மெழுகுப் படலம்) சுத்துங்க, இல்லேன்னா காய்ஞ்சு படிகம் விழும். ராத்திரி மின்வெட்டு வந்தா நிறம் வெளிறும்; அன்றைய தட்டைக் கணக்கில் சேர்க்காதீங்க.

கரைசல்: 40 மில்லிமோலார் சிட்ரிக் அமிலம்/சோடியம் பாஸ்பேட், பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஃபெரிசயனைடும் தலா 5, உப்பு 150, மெக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார். எக்ஸ்-கேலை (நொதி வெட்டினா நீலமாகும் பொருள்) டைமெத்தில் ஃபார்மமைடில் மில்லிக்கு 20 மி.கி. கரைச்சு, கடைசியில் 20 மடங்கு நீர்க்கணும். பாலிஸ்டைரீன் குழாயில் கரைக்காதீங்க, குழாய் உருகும், பாலிபுரோப்பிலீன் போதும். பஃபரை 37 டிகிரிக்குச் சூடாக்கின பிறகே எக்ஸ்-கேலை ஊத்தணும். பொடி பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு திறக்காதீங்க. டர்பன் ஜனவரி ஈரத்துக்கு மூடியைத் திறந்த நொடியே உள்ளே பனி கோர்க்கும்.

இரண்டாவது, நெரிசல். இடமில்லாமல் நின்னுபோன இளம் செல்லும் நீலமாகும். கிணத்துக்கு 30,000 - 40,000 செல் போட்டு, மறுநாள் பாதி இடம் காலியா இருக்கும்போதே ஃபிக்ஸ் பண்ணுங்க. 12 - 16 மணி நேரம் போதும்.

கன்ட்ரோல் இல்லாமல் இந்தச் சாயத்தை நம்பவே கூடாது. இளம் செல்லுக்கு 250 நானோமோலார் டாக்சோரூபிசின் (டிஎன்ஏவைச் சேதப்படுத்தி மூப்பைத் தூண்டும் மருந்து) 24 மணி நேரம், கழுவி 7 - 10 நாள் விட்டா கட்டாயம் நீலம் வரணும்.

வேப்பமரம், மரிட்ஸ்பர்க்:
நீலம் இருக்கட்டும், “பாஸேஜ் 8” என்பதே எனக்கு இடிக்குது. 1:2 பிரிச்சா 8 தடவைக்கு 8 இரட்டிப்பு. 1:8 பிரிச்சா 24. செல் பிரிவுக்கு எல்லை உண்டுன்னு காட்டின ஹேஃப்ளிக் எண்ணினது இரட்டிப்பை, பாஸேஜை இல்லை. ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு = 3.32 × லாக்10 (எடுத்த செல் ÷ போட்ட செல்). 2 லட்சம் போட்டு 16 லட்சம் எடுத்தா 3 இரட்டிப்பு.

பி16-க்கு ப்ரைமர் (க்யூபிசிஆர் எதை அளக்கணும்னு குறிக்கும் டிஎன்ஏ துண்டு) எங்கே உட்காருதுன்னு பாருங்க. ஒரே சிடிகேஎன்2ஏ மரபணுப் பகுதிதான் பி14ஏஆர்எஃப்-ங்கிற வேறொரு புரதத்தையும் தருது. முதல் எக்ஸான் (மரபணுத் துண்டு) வேற, இரண்டாவது பொது. இரண்டு ப்ரைமரும் எக்ஸான் 2-ல் இருந்தா இரண்டையும் கூட்டித்தான் எண்ணுவீங்க. ஒன்று பி16-க்கு மட்டுமான எக்ஸான் 1 ஆல்ஃபாவில் இருக்கணும். இளம் செல்லில் பாலிகோம்ப் புரதங்கள் டிஎன்ஏ சுத்தியிருக்கும் ஹிஸ்டோன் எச்3-இன் 27-வது லைசினில் மெத்தில் குறி போட்டு அந்தப் பகுதியைப் பூட்டி வெச்சிருக்கும். பூட்டு மெதுவாத்தான் கழலும், அதனால பி16 தாமதமா ஏறும். டிஎன்ஏ சேதத்தில் விழிக்கும் பி53 புரதம் தூண்டுற பி21 (இதுவும் செல் பிரிவை நிறுத்தும்) முன்னாடியே ஏறிடும். அதையும் சேர்த்து அளங்க. கூடவே லாமின் பி1 (உட்கரு உறைப் புரதம்) குறையுதா, 24 மணி நேர ஈடியு (புதுசா உருவாகும் டிஎன்ஏவில் ஏறும் குறிப்பொருள்) ஏறாமல் இருக்கான்னு பாருங்க. ஈடியுவுக்குத் தொலைசிவப்புச் சாயம் எடுங்க. மூத்த செல்லில் லிப்போஃபுசின் (சேர்ந்துபோன கழிவு நிறமி) பச்சையில் தானா ஒளிரும்.

நீலவல்லி:
ப்ரைமர் இரண்டும் எக்ஸான் 2-லதான் இருக்கு! பிரிச்சது 1:4. வெள்ளிக்கிழமை சாயம் போட்டு திங்கள்கிழமை எண்ணலாமா?

கப்பல்துறை:
சாயத்திலேயே விடாதீங்க, மூணு நாளில் எல்லாமே நீலம்தான். சனிக்கிழமை காலை வந்து கழுவி, 70% கிளிசரால் ஊத்தி 4 டிகிரியில் வைங்க. திங்கள்கிழமை நிதானமா எண்ணலாம். எண்ணுறவருக்கு எந்தத் தட்டு எதுன்னு தெரியக்கூடாது.