நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு: வலியும், வலி மாத்திரைப் பயமும்

மகள், ஈரோடு

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சிஸ்டர் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்றை மட்டும் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அவர் நகர்ந்ததும் துப்பித் தலையணை உறைக்குள் தள்ளியிருக்கிறார். விரிப்பு மாற்ற வந்த ஆயாம்மா உறையை உதறியபோது பாதி கரைந்து காய்ந்துபோன மாத்திரைகள் தரையில் விழுந்தன. எல்லாம் டிரமடால் என்ற வலி மாத்திரை.

அப்பா ஒரு காலத்தில் நிறையக் குடித்தவர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் விட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் தொட்டதில்லை. "அதை விட நான் பட்ட பாடு எனக்குத்தாங் கண்ணு தெரியும். மறுபடி ஒன்னுல போய் மாட்டிக்க மாட்டேன். வலிச்சா வலிச்சுட்டுப் போகுது" என்றார். தினமும் பேப்பர் படிக்கிறவர். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்கள் பிடிபட்ட செய்தி நம் ஊர்ப் பேப்பர்களில் அடிக்கடி வருகிறது. அந்த மாத்திரை வகைதான் தனக்கும் வருகிறது என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதை அசட்டுப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

ஆனால் உடம்பு அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதையும் பார்த்தேன். பைபாஸில் மார்பெலும்பை நடுவில் நெடுக்க அறுத்து, முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் கட்டுகிறார்கள். அது கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். அந்த எலும்பை வைத்துக்கொண்டு இரும வேண்டும், மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும். அப்பா இருமவே இல்லை. தொண்டைக்கு வந்த சளியை அப்படியே விழுங்கினார். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்தால் முதல் பந்துகூடப் பாதிதான் எழும்பும். காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருந்தது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும், இப்படியே விட்டால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.

அன்று ராத்திரி டியூட்டி டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். திட்டவில்லை.

"ஐயா, அப்போ எதுக்குக் குடிச்சீங்க?"

அப்பா யோசித்துவிட்டு, "மறக்கறதுக்குங்க" என்றார்.

"இந்த மாத்திரை எதுக்குப் போடச் சொல்றோம்?"

"வலிக்கு."

"வலி குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"இருமலாம்... எந்திரிச்சு நடக்கலாம்."

"அதுக்குத்தான் கொடுக்கறோம். அதுக்கு மட்டும்தான்."

அப்புறம் திட்டத்தையே மாற்றி எழுதினார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாரசிட்டமால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். டிரமடால் சின்ன அளவில், பிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும். வீட்டுக்குப் போகும்போது சில நாளைக்கு உண்டானதை மட்டும் எழுதுவேன், அட்டை அம்மா கையில் இருக்கட்டும் என்றார். பழைய குடிப்பழக்கத்தை ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்வது நல்லது, அதைக் கேட்டு யாரும் வலிக்கு மருந்து தராமல் இருக்க மாட்டார்கள், கூடுதல் கவனத்தோடு திட்டம் போடுவார்கள் என்றும் சொன்னார். இதை இங்கே எழுதுவதற்கே முக்கியக் காரணம் இந்த ஒரு விஷயம்தான். எத்தனையோ வீடுகளில் அந்தப் பேச்சை டாக்டர் காதில் போடாமல் மறைக்கிறோம்.

மறுநாள் காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பா இருமினார். முகம் சுருங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. மஞ்சளாகக் கெட்டிச் சளி வந்தது. சாயங்காலம் இரண்டாவது பந்து ஏறியது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நோட்டு போட்டார். பஸ் ஓட்டிய மனிதர், கணக்கு எழுதுவது அவருக்குப் பழக்கம். மணி, மாத்திரை, சும்மா இருக்கும்போது வலி பத்துக்கு எத்தனை, இருமும்போது எத்தனை. அந்த இரண்டாவது எண் இறங்க இறங்க டிரமடால் தானாகவே நின்றது. மலச்சிக்கல் மட்டும் படுத்தியது. அந்த மாத்திரைக்கு அது உண்டு, நெஞ்சு எலும்பு கூடாத நேரத்தில் முக்கக் கூடாது, அதனால் முதல் நாளிலிருந்தே இசப்கோல் கொடுத்திருந்தார்கள்.

நோயாளி, தூத்துக்குடி

என் கதை வேறு மாதிரி. எனக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, விலாவைத் திறந்து சுத்தம் செய்தார்கள். முதுகிலிருந்து அக்குள் கீழ் வரை வளைந்து வரும் தழும்பு. விலா எலும்புகளுக்கு இடையில் போகும் நரம்பு இந்த ஆபரேஷனில் நசுங்கவோ அறுபடவோ செய்யும். சீழ் வடிய வைத்த டியூப் இருந்த வரைக்கும் திரும்பிப் படுக்க முடியவில்லை. அதை எடுத்ததும் பாதி வலி போய்விட்டது.

மீதிப் பாதி போகவில்லை. தையல் ஆறி, வேலைக்கும் போன பிறகு, சட்டைத் துணி பட்டாலே தீயாக எரியும். மாருக்குக் கீழே மரத்துப்போய், அதற்குள்ளேயே சுருக் சுருக்கென்று குத்தும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி டிரமடால் வாங்கினேன், கொடுத்தார்கள். எரிச்சல் குறையவில்லை, தூக்கம் மட்டும் வந்தது. ஒரு கட்டத்தில் வலி இல்லாத ராத்திரியிலும் தூக்கத்துக்காக அதைத் தேடினேன். ஒருநாள் போடாமல் விட்டதும் வியர்வை, மூக்கில் தண்ணீர், கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

வலிக்கென்றே தனியாக டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது அதுவரை தெரியாது. அந்த டாக்டர் பஞ்சால் தழும்பைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "இது நரம்பு வலி தம்பி, இதுக்கு இந்த மாத்திரை அவ்வளவா கேக்காது" என்றார். ராத்திரிக்குப் பிரிகாபலின் கொடுத்தார். டிரமடாலைப் பட்டென்று நிறுத்தாமல் வாரா வாரம் குறைத்தார். பிரிகாபலினையும் பின்னால் அப்படிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும் என்றார். இப்போது சட்டை போட முடிகிறது. மழை நாளில் இழுக்கும், அவ்வளவுதான்.

மாத்திரையைத் துப்பிய அந்த அப்பாவின் பயமும் சரிதான், என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஆபரேஷன் ஆன முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் வாங்கிய மருந்தால் நான் மாட்டவில்லை. யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல், மாதக்கணக்கில் நானே வாங்கிப் போட்டதில்தான் மாட்டினேன்.

செவிலியர், மதுரை

தூத்துக்குடிக்காரர் சொன்ன வியர்வையும் மூக்கொழுகலும் உடம்பு மருந்துக்குப் பழகியதன் அடையாளம். கொஞ்ச நாள் தொடர்ந்து போட்ட யாருக்கும் வரலாம், மெல்லக் குறைத்தால் சரியாகும். வலி இல்லாதபோதும் மனசு அதையே தேடுவது, இரண்டு கடையில் வாங்குவது, வீட்டாரிடம் மறைப்பது, இவைதான் அடிமைத்தனத்தின் பக்கம் போகும் வழி. அப்படி ஏதாவது தெரிந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். 2018இலேயே டிரமடாலை போதை மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய சீட்டுக்குக் கொடுக்கவே கூடாது.

வார்டில் "பரவாயில்லை சிஸ்டர்" என்று சொல்கிறவர்களை நான் அப்படியே விடுவதில்லை. ஒருமுறை இருமிக் காட்டச் சொல்வேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினால் பதில் தெரிந்துவிடும்.

பைபாஸ் வீடுகளில் நான் பார்த்துப் பயப்படுவது இன்னொன்று. டிரமடால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, டைக்ளோபினாக்கோ ஐபுபுரூபெனோ கடையில் வாங்கிப் போடுகிறார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அவை ஆகாது, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பாரசிட்டமாலுக்கும் அளவு உண்டு, பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம்தான் உச்சம், கல்லீரல் கெட்டவர்களுக்கும் நிறையக் குடித்தவர்களுக்கும் இன்னும் குறைவு. டிரமடால் மாத்திரை பலவற்றில் பாரசிட்டமாலும் கலந்தே வருகிறது. அதோடு தனியாக டோலோ 650 போட்டால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

டிரமடால் போடும் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மிக மெதுவாக இருப்பது, இதைப் பார்த்தால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மிச்சமான மாத்திரையைப் பக்கத்து வீட்டு அம்மாவின் மூட்டு வலிக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள், அலமாரியிலும் வைக்காதீர்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போய் ஆஸ்பத்திரி பார்மசியில் என்ன செய்வது என்று கேளுங்கள்.