கிறிஸ்துமஸ் டின்னர்ல சாப்பிட்ட டிராமிசு, வீட்ல செய்ய வழி உண்டா?

மார்த்தாண்டம்_பொண்ணு:
கிறிஸ்துமஸ் அன்னைக்கு ராத்திரி குடும்பத்தோட திருவனந்தபுரம் போயி ஒரு ரெஸ்டாரண்ட்ல பஃபே சாப்பிட்டோம், பிரியாணி, ரோஸ்ட் எல்லாம் வழக்கம் போலதான், ஆனா கடைசில வச்சிருந்த டிராமிசுங்கிற இத்தாலி இனிப்பு இருக்கே, முதல்ல கொக்கோ கசப்பு, அப்புறம் ஜில்லுன்னு கிரீம், அடியில காபில ஊறின பிஸ்கட்டு, அப்படியே கரைஞ்சு போச்சு. முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் இல்லாம என்ன கிறிஸ்துமஸ்னு கேக்குற எங்க அம்மையே ரெண்டாவது தடவை எழும்பிப் போயி எடுத்துட்டு வந்தாங்க. அப்பதான் பக்கத்துல யாரோ இதுல ரம்மும் பச்சை முட்டையும் உண்டுன்னு சொல்ல, அம்மை ஸ்பூனைக் கீழ வச்சிட்டாங்க, எங்க வீட்ல மது வாடையே ஆகாது. உண்மையாவா? புது வருஷத்துக்கு வீட்ல செய்யணும், அதுக்கு வேணும்கிற மஸ்கார்போனே (இத்தாலி கிரீம் சீஸ்) இங்க கடையில கேட்டா முழிக்கிறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாறசாலை_பேஸ்ட்ரி:
தங்கச்சி, ஹோட்டல்ல பேஸ்ட்ரி செக்‌ஷன்லதான் வேலை, அதனால சொல்றேன். ஒவ்வொரு கிச்சன்லயும் ஒவ்வொரு மாதிரி செய்வாங்க, ரம் ஊத்துறவங்க உண்டு, இத்தாலிலயே மார்சாலா ஒயின் சேக்குறவங்க உண்டு, அதனால வெளிய சாப்பிடும்போது கேட்டுட்டு எடுக்குறதுதான் நல்லது. ஆனா இத்தாலில ட்ரெவிசோ ஊர்ல லெ பெக்கெரியேன்னு ஒரு ரெஸ்டாரண்ட், 1972ல மெனுவுல போட்டாங்க, அவங்க ரெசிபில மது கிடையாது, முட்டை மஞ்சக்கரு, சர்க்கரை, மஸ்கார்போனே, காபி, சவோயார்டி பிஸ்கட் (விரல் மாதிரி நீளமான ஸ்பாஞ்சு பிஸ்கட்), கொக்கோ அவ்வளவுதான் (பக்கத்து ஃப்ரியூலிக்காரங்க எங்க ஊர்லதான் பிறந்துச்சுன்னு இன்னும் சண்டை போடுறாங்க). அம்மைக்கிட்ட தைரியமா சொல்லுங்க, ரம் இல்லைன்னா ருசி ஒண்ணும் குறையாது.

முட்டை பச்சையா போடுறதுதான் பழைய முறை. வீட்ல வயசானவங்க, கர்ப்பிணி, சின்னப் பிள்ளைங்க இருந்தா மஞ்சக்கருவையும் சர்க்கரையையும் ஒரு பாத்திரத்துல போட்டு, கொதிக்கிற தண்ணி மேல வச்சு கை எடுக்காம அடிங்க, 71 டிகிரி வந்தா போதும். நல்லா ஆறின பிறகுதான் மஸ்கார்போனேல கலக்கணும், சூடா கலந்தா கிரீம் இளகிப்போயிரும்.

குழித்துறை_அக்கா:
மஸ்கார்போனேக்கு ஏன் அலையணும் மக்ளே, அரை லிட்டர் கிரீம் (கொழுப்பு 35 சதவீதம் இருந்தா நல்லது, இனிப்பு சேக்காததா பாத்து வாங்குங்க) லேசான தீயில 85 டிகிரி வரைக்கும் சூடாக்கி ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டா கரண்டில ஒட்டுற பதத்துக்கு வரும், பால் மாதிரி திரியும்னு பாத்துட்டு இருக்காதீங்க, இது திரியாது. ஆறினதும் துணில கட்டி ஃப்ரிட்ஜ்ல ராத்திரி முழுக்க வடிய விடுங்க. பிஸ்கட்டு கிடைக்கலன்னா ப்ளெயின் ஸ்பாஞ்சை விரல் மாதிரி நறுக்கி ஓவன்ல மொறுமொறுன்னு காய வச்சுக்கோங்க. ரஸ்க் வேண்டாம், நம்ம பேக்கரி ரஸ்க்ல ஏலக்கா வாசம் வரும், காபியோட சேராது. காபிக்கு நம்ம ஃபில்டர் டிகாக்‌ஷனே தாராளம்.

பாறசாலை_பேஸ்ட்ரி:
டிகாக்‌ஷன் சரிதான் அக்கா, ஆனா சிக்கரி கலக்காத பொடியா இருக்கணும், சிக்கரி கசப்பு கொக்கோ கசப்போட சேந்தா கனமா ஆயிரும். டிகாக்‌ஷன் ஆறின பிறகு பிஸ்கட்டை முக்கின உடனே எடுத்துரணும், ஊற விட்டா அடியில தண்ணி நிக்கும். அடுக்கி முடிச்சு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும். கொக்கோவ பரிமாறுறதுக்கு முன்னாடி தூவுங்க, முன்னமே தூவினா ஈரம் இழுத்து கறுப்பா திட்டு திட்டா ஆயிரும்.

மார்த்தாண்டம்_பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அம்மைக்கு வாசிச்சு காட்டினேன், ரம் வேண்டாம்னதும் முட்டை அடிக்கிற வேலைய அவங்களே எடுத்துக்கிட்டாங்க. கிரீம் நாளைக்கே வாங்குறேன்.