நாயின் முன்னங்கால் முறிவு: எஃகுத் தகட்டிலிருந்து டைட்டானியத்துக்கு மாறிய எங்கள் அனுபவம்

எங்கள் நாய்க்குட்டியின் எடை 3 கிலோதான். மடியிலிருந்து குதித்ததில் முன்னங்காலின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டன. சிறிய இன நாய்களுக்கு அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால், மாவுக்கட்டு மட்டும் போட்டால் எலும்பு கூடாமலே போவதுண்டு. ஆகவே மருத்துவர் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை ஆறு ஸ்க்ரூக்களால் பொருத்தினார்.

நான்கு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு கூடியிருந்தது. ஆனால் தகட்டுக்கு அடியிலிருந்த எலும்பு, மற்றக் காலின் எலும்பைப் போல வெண்மையாக இல்லாமல், மெலிந்து சாம்பல் நிறத்தில் தெரிந்தது. எஃகின் விறைப்பு, அதாவது பாரத்துக்கு வளைந்துகொடுக்காத தன்மை, ஏறத்தாழ 190 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). கெட்டி எலும்பின் விறைப்போ சுமார் 20. பாரத்தின் பெரும்பகுதியைத் தகடே தாங்கிக்கொள்ளும்போது வேலையற்ற எலும்பு கரையத் தொடங்குகிறது; தகடு அழுந்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைபடுவதும் இதற்குத் துணைபோகிறது. தகட்டைக் கழற்றிய மூன்றாம் வாரமே, ஸ்க்ரூ இருந்த துளையின் வழியாக எலும்பு மீண்டும் முறிந்தது. காலைத் தூக்கிக்கொண்டு, சத்தமே போடாமல், அவள் கதவோரம் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு முன் மாற்றுப் பொருள்களைப் பற்றி மருத்துவரிடம் விரிவாகக் கேட்டேன். கார்பன் இழை கலந்த பீக் (PEEK என்னும் உறுதியான பிளாஸ்டிக்) தகடு எக்ஸ்ரேயில் எலும்பை மறைக்காது. ஆனால் அறுவை மேசையிலேயே எலும்பின் வளைவுக்கேற்ப அதை வளைக்க இயலாது. மக்னீசியக் கலவை உடலிலேயே கரைந்துவிடும் என்பதால் கழற்றும் வேலை இல்லை. ஆயினும் கரையும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும், எலும்பு கூடுவதற்குள் தகடு வலுவிழக்கவும் கூடும். இறுதியில் டைட்டானியத்தைத் தேர்ந்தோம். அதன் விறைப்பு எஃகில் பாதியைவிடச் சற்றே அதிகம். பொருளைவிடத் தகட்டின் தடிமனே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்று அவர் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: தடிமன் இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். எனவே டைட்டானியமே ஆனாலும், தடித்த தகட்டை வைத்தால் மாற்றியதன் பயன் போய்விடும். முன்னும் பின்னுமாக வளைத்தால் டைட்டானியம் எளிதில் விரிசல் விடும் என்பதால், எலும்பின் வடிவத்துக்கு ஒரே முறையில் கவனமாக வளைத்துப் பொருத்தினார்.

இப்போது பத்தாவது மாதம், தகட்டைக் கழற்றவில்லை. கடைசி எக்ஸ்ரேயில் எலும்பு கனம் குறையாமல் இருக்கிறது. வருடிக்கொடுக்கும்போது தோலுக்கடியில் தகட்டின் விளிம்பு விரலில் தட்டுப்படுகிறது. உலோகம் விரைவில் குளிர்ந்துவிடுவதால், குளிர் மிகுந்த காலைகளில் மட்டும் அந்தப் பாதத்தைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்தால் ஊன்றி நடக்கத் தொடங்கிவிடுகிறாள்.