ஃபாஸ்ட் ஸ்கேனில் மெல்லிய கறுப்புக் கோடு: ரத்தமா, கொழுப்பா?

ரெட்ஸோன் எம்.ஓ.
வணக்கம். அவசரப் பிரிவின் சிவப்பு மண்டலத்தில் மருத்துவ அதிகாரி நான். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்ட ஊர்தான் இதுவும். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர், தன்மேல் செம்பனைக் குலை விழுந்தவர் என்று வயிற்றில் அடிபட்டவர்கள் வருகிறார்கள். இங்கே சி.டி. கிடையாது. கட்டிலோரம் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஒன்றுதான். அதில், அடிபட்டவரின் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று வேகமாகப் பார்ப்பதுதான் ஃபாஸ்ட். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே 2, 3 மி.மீ. கறுப்புக் கோடு தெரிந்தால் ரத்தம் என்றே எடுத்துக்கொள்ளலாமா? ஒன்றுமே தெரியாவிட்டால் வார்டில் போட்டுக் கவனித்தால் போதுமா? மூச்சுக்குக் குழாய் போட்ட நோயாளிக்கு ஸ்கேனில் இடது நுரையீரல் அசையவில்லை என்றால், நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த காற்றை வெளியேற்ற உடனே ஊசி குத்தலாமா?

பழைய எம்.ஏ.
டாக்டர், பழைய மருத்துவ உதவியாளராகச் சொல்கிறேன்: அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ப்ரோப் (உடம்பில் வைக்கும் ஸ்கேன் முனை) நிற்கும் இடத்தைப் பாருங்கள். வளைந்த ப்ரோப், ஆழம் 15 செ.மீ. அளவு, அக்குளின் நடுக்கோட்டில் 8 முதல் 11 வரையுள்ள விலா இடைவெளி, மார்க்கர் (ப்ரோப்பின் பக்கத்திலுள்ள குறி) தலைப்பக்கம். விலா நிழல் படத்தை மறைத்தால் மார்க்கரைக் கொஞ்சம் முதுகுப் பக்கம் சாய்த்தால் போதும், ப்ரோப் இடைவெளியில் உட்கார்ந்துவிடும்.

பலர் அந்த நடுப்பகுதியைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். மல்லாந்து படுத்தவருக்கு ரத்தம் முதலில் தேங்குவது பெரும்பாலும் கல்லீரலின் கீழ்நுனியில். ஓர் இடைவெளி கீழே இறக்கி, சிறுநீரகத்தின் கீழ்முனை தெரியும்வரை போங்கள். பிறகு முன்னிருந்து பின்னாக விசிறி மாதிரி மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரே தளத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்து 'இல்லை' என்று எழுதக்கூடாது.

கொழுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, உள்ளே சாம்பல் புள்ளிகள் தெரியும். மூச்சு விடும்போது சிறுநீரகத்தோடு சேர்ந்தே நகரும். இடப்பக்கமும் பெரும்பாலும் அதே கனத்தில் இருக்கும். புது ரத்தம் கன்னங்கறுப்பு. உறுப்புகளின் சந்துக்குள் கூர்மூலையாக நுழைந்திருக்கும். ஆனால் உறைந்த ரத்தம் சாம்பலாகி ஈரலைப் போலவே தெரியும், அதை மறந்துவிடாதீர்கள்.

இடப்பக்கம் சிறுநீரகம் இன்னும் மேலே, இன்னும் பின்னால். ப்ரோப் பிடித்த கையின் விரல் முட்டி மெத்தையில் இடிக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் முன்னால்தான் இருக்கிறீர்கள். அங்கே மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையில்தான் முதலில் தேடவேண்டும். அடிவயிற்றைப் பார்த்து முடிக்கும்வரை சிறுநீர்க் குழாய் போடாதீர்கள், நிறைந்த பைதான் நமக்கு ஜன்னல். பைக்குப் பின்னால் படம் அளவுக்கு மீறி வெளுத்துச் சிறிதளவு நீரை மறைத்துவிடும். ஆழப்பகுதிக்கான கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மண்வாசனை
இரண்டாவது கேள்விக்கு: போதாது. வயிற்றுக்குள் சுமார் 200 மி.லி. அல்லது அதற்கு மேல் சேர்ந்தால்தான் திரையில் தெரியத் தொடங்கும். குடல் கிழிவு, உதரவிதானக் கிழிவு, வயிற்றறைக்குப் பின்னால் கசியும் ரத்தம் (இடுப்பெலும்பு முறிவில் இதுதான் ஆபத்து) இவற்றை ஃபாஸ்ட் தவறவிடும். 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நாடி ஏறினால் அதற்கு முன்பே. 'தெரியவில்லை' என்பதற்கு 'இப்போது, இந்த நான்கு இடத்தில் (வலப்பக்கம், இடப்பக்கம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி) தெரியவில்லை' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. சி.டி. தேவைப்படும் அடியென்றால் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் அனுப்பத்தான் வேண்டும்.

நீர் தெரிந்து, ரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனால் படத்தை அழகாக்கிக்கொண்டிருக்காதீர்கள். அறுவை மருத்துவரை அழையுங்கள், ரத்தம் ஏற்றத் தொடங்குங்கள், ஆம்புலன்ஸ் கிளம்பட்டும். மறு ஸ்கேனுக்காக வண்டியை நிறுத்தி வைப்பது பெருந்தப்பு.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சம்சு குடித்து ஈரல் கெட்டவருக்கு ஏற்கெனவே வயிற்றில் நீர் இருக்கும். டெங்கியில் ரத்த நாளத்திலிருந்து நீர் கசியும் நாளில் மயங்கி வண்டியிலிருந்து விழுந்தவருக்கும் இருக்கலாம். பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் டெங்கியாக இருக்கலாம், காய்ச்சல் எத்தனை நாள் என்று கேளுங்கள். பிளேட்லெட், ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) இரண்டையும் பாருங்கள். ஆனால் அழுத்தம் விழுந்தவருக்கு அந்த நீர் ரத்தமில்லை என்று உறுதியாகும்வரை ரத்தம்தான்.

நேர்கோடு
மூன்றாவதற்கு: குழாய் வலது மூச்சுக்கிளைக்குள் ஆழமாகப் போனாலும் இடது நுரையீரல் அசையாது. ஊசியை எடுப்பதற்கு முன் குழாயின் ஆழத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பல்லருகே பொதுவாக 21 முதல் 23 செ.மீ. நேரான ப்ரோப், ஆழம் 4, 5 செ.மீ., மார்பின் முன்பக்கம் இரண்டாம் மூன்றாம் விலா இடைவெளி. ப்ளூரா (நுரையீரலைப் போர்த்திய சவ்வு) கோட்டில் இதயத்துடிப்போடு சின்ன அதிர்வு தெரிந்தால் அந்த இடத்தில் காற்றில்லை. எம்-மோடில் (ஒரே கோட்டின் அசைவை நேரத்தோடு வரையும் முறை) கடற்கரை மணல் போலத் தெரியாமல் பார்கோடு போல மட்டும் தெரிந்தால் காற்று என்ற சந்தேகம் கூடும். அசைவும் அசைவின்மையும் மாறும் எல்லைப்புள்ளி கிடைத்தால் அநேகமாக உறுதி. தோலுக்கடியில் காற்றேறி நறநறவென்றால் படமே வராது. அழுத்தம் விழுந்து கழுத்து ரத்த நாளமும் புடைத்திருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ரெட்ஸோன் எம்.ஓ.
நன்றி. கீழ்நுனியை இறக்கிப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஷிப்டில் இல்லை, இன்றே சொல்லிவிடுகிறேன். ப்ரோப்பைத் துடைக்க ஸ்பிரிட் போடலாமா?

பழைய எம்.ஏ.
கம்பெனியின் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும். சில ப்ரோப்களின் ரப்பர் முகம் ஆல்கஹாலில் வெடிக்கும். முதலில் ஜெல்லை வழித்தெடுங்கள், பிறகுதான் கிருமிநாசினித் துடைப்பான். கேபிளைத் தரையில் விடாதீர்கள், ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஏறினால் படத்தில் நிரந்தரமாகக் கறுப்புக் கோடு விழும். அது ரத்தமும் இல்லை, கொழுப்பும் இல்லை.