மணல், கிறவல், சேறு: திருமலைத் தடங்களும் எங்கள் டயர்களும்

உவர்மலையில் இருந்து:

திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றைத் தாண்டி உள்ளே போகும் கிறவல் (சரளை) பாதை, சைக்கிள் ஓட்டும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மழை கண்டு மூன்று மாதமாகிறது. பாதையின் அடி சீமெந்துத் தரை போல இறுகிவிட்டது. அதன்மேல் வறுத்த கச்சான் அளவில் உருண்டைக் கற்கள் பரவிக் கிடக்கின்றன. போன சனிக்கிழமை காலை ஒரு சின்ன இறக்கத்தில் வலப்பக்கம் திரும்பினேன். வேகமும் இல்லை, பிரேக்கையும் தொடவில்லை. கைப்பிடி திரும்பியது, சைக்கிள் திரும்பவில்லை. முன் சக்கரம் கற்களின் மேல் உருண்டு நேராகவே போய்விட்டது. முழங்கை, இடுப்பு இரண்டும் உரசித் தோல் போனது. எலும்புக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவியபிறகு டயரைப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே டயர்தான், 27.5 க்கு 2.1, அதாவது சக்கரம் 27.5 அங்குலம், டயரின் அகலம் 2.1 அங்குலம். நடுப் பற்கள் தாழ்வாக, நெருக்கமாக இருக்கின்றன. ஓரத்துப் பற்கள் பாதி தேய்ந்து வட்டமாகிவிட்டன. காற்று 45 பிஎஸ்ஐ. கல்லுப் போல இருந்தால்தான் நல்ல டயர் என்று சின்ன வயதில் இருந்தே நம்பியவன் நான்.

புது டயர் வாங்கத்தான் வேண்டும். ஆனால் நம் மாவட்டத்தில் கடற்கரை மணலும் இருக்கிறது, வயல் சேறும் இருக்கிறது, இந்தக் கிறவலும் இருக்கிறது. எதை நம்பி வாங்குவது? உங்கள் பக்கத்து மண்ணில் ஓடிய அனுபவத்தைச் சொல்லுங்கள். விழுந்த கதை என்றாலும் சொல்லுங்கள், அதில்தான் அதிகம் படிக்கலாம்.

பாலையூற்றில் இருந்து:

தம்பி, முதலில் காயத்தைக் கவனியுங்கள். கிறவல் தூசி உள்ளே இருந்தால் ஆறாது.

அதே பாதையில் நானும் இரண்டு முறை முன் சக்கரத்தை விட்டிருக்கிறேன். இறுகிய தரைக்கு மேல் உதிரிக் கல் கிடப்பதுதான் சைக்கிளுக்கு மிகவும் பொல்லாத தரை. சேற்றில் பல் புதையும், மணலில் டயர் அமரும். இங்கே இரண்டும் நடக்காது. டயருக்கும் தரைக்கும் நடுவில் கற்கள் குண்டுமணி போல உருளும். திருப்பத்தில் சைக்கிள் சாயும்போது தரையைத் தொடுவது ஓரத்துப் பற்கள் மட்டும்தான். அவை உயரமாக, கூர் மழுங்காமல், நடுப் பற்களில் இருந்து கொஞ்சம் விலகி நின்றால் கற்களை ஒதுக்கிவிட்டு அடித்தரையைப் பிடிக்கும். உங்களுடையதில் ஓரம் தேய்ந்துவிட்டது. நடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் திருப்பத்துக்கு அது உதவாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். டயருக்குப் பணம் கொடுக்கும் முன் காற்றைக் குறைத்து ஒரு வாரம் ஓடிப் பாருங்கள். 45 என்பது கிறவலுக்குக் கூடுதல். அவ்வளவு காற்றில் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், தரையில் படும் நேரமே குறைவு. எனக்கு 72 கிலோ எடை. டியூப் போட்ட 2.35 டயரில் முன்னுக்கு 25, பின்னுக்கு 28 வைக்கிறேன். உடல் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தில் இறங்குவதால் அங்கே இரண்டு மூன்று கூட வேண்டும். இதைவிடக் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த தடம் போலவே இருக்கும். ஒரு அழுத்தமானி கட்டாயம் வாங்குங்கள். பெரிய பம்பில் இருக்கும் முள் 20, 30 பக்கம் சரியாகக் காட்டாது. பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பதையும் நம்ப வேண்டாம், நான் நம்பி ஏமாந்திருக்கிறேன்.

டயர் என்று வந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே சோடி வேண்டாம். முன் டயர் வழுக்கினால் ஆள் விழுவது நிச்சயம். பின் டயர் வழுக்கினால் பத்துக்கு எட்டுத் தரம் சமாளித்துவிடலாம். ஆகவே பிடிப்பு அதிகமுள்ள, அகலமான டயர் முன்னுக்கு. இலகுவாக உருளும் தாழ்ந்த பல் பின்னுக்கு. இப்போதைக்குக் கையில் காசு இல்லையென்றால் முன்னுக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள். பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கும், ஓடும் திசையைப் பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, டயரோடு சம்பந்தமில்லாதது. அந்தப் பாதையில் மாலை ஐந்துக்குப் பிறகு நிற்க வேண்டாம். ஈர யானை லத்தியைக் கண்டால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

நிலாவெளியில் இருந்து:

கிறவலைப் பற்றி அண்ணா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் மணல்காரன்.

சல்லியில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி வரை கரையோரமாக ஓடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். தொடக்கத்தில் மணலுக்குப் பெரிய பல் வேண்டும் என்று நினைத்து, உழவு மெசின் டயர் போல ஒன்றை வாங்கிப் போட்டேன். பத்து மீற்றர் ஓடவில்லை. பின் சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கியது. நண்டு வளை தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. மணலில் பல்லுக்கு வேலை இல்லை. அகலமும் குறைந்த காற்றும்தான் வேலை செய்யும். இப்போது 2.4 அகலத்தில் தாழ்ந்த பல் டயர் வைத்திருக்கிறேன். கரையில் இறங்கும் இடத்தில் சைக்கிளை நிறுத்தி, வால்வை அமுக்கிக் காற்றை 15 க்கு இறக்குவேன். டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம் போல அகலமாக அமரும். கல் இல்லாத இடம் என்பதால் டியூப் நசுங்கும் பயமும் குறைவு. முடித்துவிட்டுத் தார் ரோட்டில் ஏறும்போது கைப் பம்பால் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு நூறு தடவைக்கு மேல் குத்த வேண்டிவரும். அதற்குச் சலித்துக்கொண்டு குறைந்த காற்றோடு வீடு வரைக்கும் ஓடாதீர்கள், டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து வெடித்துப்போகும்.

மணலிலும் சாதி உண்டு. அலை வந்து நனைத்துவிட்டுப் போன ஈரப் பட்டை தார் ரோட்டுப் போல ஓடும். ஆனால் நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் அரை மீற்றர் அளவுதான். அந்தப் பட்டை ஒடுக்கமானது, இரண்டு பேர் சேர்ந்து ஓட இடம் இருக்காது. வாடைக் காலத்தில் அலை அதையும் விழுங்கிவிடும். அந்த மாதங்களில் நான் கரைப்பக்கமே போவதில்லை.

ஒருமுறை புல்மோட்டைப் பக்கம் அரிசிமலை வரை போனோம். பெயரே சொல்லும், அங்கே மணல் மணலாக இருக்காது, அரிசி போல இருக்கும். கையில் அள்ளினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விரலிடையில் வழுகி விழும். நிலாவெளி மணலில் 15 இல் ஓடிய அதே டயர் அங்கே முழங்கால் உயரச் சாய்வில்கூட ஏறவில்லை. பொடி மணல் ஈரம் பட்டால் இறுகும். இந்தப் பருமணி ஒன்றையொன்று பிடிப்பதே இல்லை, நனைந்தாலும் உருளும். இறங்கித் தள்ளினோம். டயரால் தீராத இடமும் உண்டு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தள்ளிக்கொண்டு நடந்த அந்த அரை மணித்தியாலம் அழகாகத்தான் இருந்தது.

மணலை விட எனக்குத் தொல்லை நெருஞ்சி. வெயில் காலத்தில் கரைக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள வெளியெல்லாம் படர்ந்திருக்கும். காய்ந்த முள் எப்படி விழுந்தாலும் ஒரு கூர் மேலே பார்த்துத்தான் நிற்கும். ஒரு காலையில் இரண்டு டயரிலும் சேர்த்துப் பதினேழு முள் எடுத்தேன். பிடுங்கும்போதே காற்று சீறியது. டயரின் துணியில் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று பக்கச் சுவரில் எழுதியிருக்கும், 60 அல்லது 120 என்று. 120 மெல்லிய நூல், மிருதுவாக ஓடும். 60 தடித்த நூல், பாரம் கூட. நம் கரைக்கு 60 போதும், அதோடு முள் தடுக்கும் பட்டை உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. அது கிடைக்காவிட்டால் பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூப்புக்கும் நடுவில் விரித்துப் போடுங்கள். பாரம் கூடும், உருட்சி குறையும், ஆனால் வெயிலில் நின்று ஒட்டுப் போடும் வேலை இருக்காது.

கடற்கரையில் ஓடிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டயருக்காகச் சொல்லவில்லை. கம்பி முடியும் இடத்தில் உப்புப் பிடித்தால் ஒரு வருடத்தில் சக்கரத்தை வளைவெடுக்கவே முடியாமல் இறுகிவிடும்.

தம்பலகாமத்தில் இருந்து:

சேற்றைப் பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் அகலம் அகலம் என்கிறீர்கள், எங்கள் ஊரில் அது எடுபடாது.

போன கார்த்திகையில் நாலு நாள் அடைமழை விட்ட மறுநாள், வாய்க்கால் கரையால் அம்மம்மா வீட்டுக்குப் போனேன். 2.35 டயர், நெருக்கமான பல். எங்கள் வயல் களி, தெரியும்தானே, கையில் எடுத்தால் குயவன் மண் போல ஒட்டும். முதலில் பற்களுக்கு நடுவில் நிரம்பியது. பிறகு டயர் முழுக்க மொழுமொழுவென்று ஆனது. பிறகு முன் கவருக்கும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை) டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. பூவரசங் குச்சி முறித்துச் சுரண்டினேன், இருபது மீற்றர் போனேன், திரும்பச் சுரண்டினேன். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் அம்மம்மா வீட்டு வாசலை மிதித்தேன். சைக்கிளின் பாரத்தோடு சேற்றின் பாரமும் சேர்ந்திருந்தது.

இப்போது மாரிக்கு என்று தனியாக ஒரு சோடி வைத்திருக்கிறேன். அகலம் 2.0 தான். பற்கள் உயரம், ஒன்றுக்கொன்று விரல் போகும் அளவு இடைவெளி. ஒடுக்கமான டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் உள்ள இறுகிய மண்ணைத் தொடும். சக்கரம் சுற்றும்போது இடைவெளியில் உள்ள களி தானாகத் தெறித்து விழும். கவருக்கும் டயருக்கும் நடுவில் இடமும் மிஞ்சும். காற்று 28. தை பிறந்து மண் காய்ந்தவுடன் கழற்றிவிடுவேன், ஏனென்றால் கண்டி ரோட்டில் இந்த டயர் வண்டுக் கூட்டம் போல இரையும், உயரமான பற்கள் தாரில் சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

மூதூரில் இருந்து:

நான் மலைச் சைக்கிள் ஓட்டக்காரி இல்லை. நானாவின் பழைய 26 சைக்கிளில் சம்பூர்ப் பக்கம் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறேன். பாதி தார், பாதி கிறவல். டயர் மொட்டையாகிவிட்டது என்று கடையில் 26 டயர் கேட்டேன், தந்தார்கள். வீட்டில் தம்பி ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினான், ரிம்மில் உட்காரவில்லை, தளர்ந்து கழன்று வந்தது. கடையில் திருப்பி எடுக்கவும் இல்லை. 26 க்கு 26 ஏன் பொருந்தவில்லை? என்னிடம் இரண்டு சோடி வாங்க வசதியும் இல்லை, ஒன்றிலேயே எல்லாம் ஓட வேண்டும்.

சீனக்குடாவில் இருந்து:

தங்கச்சி, 26 என்று எழுதியதெல்லாம் ஒரே அளவு இல்லை. கடைக்காரர்களே இதில் தடுமாறுவார்கள். சாதாரண லேடீஸ் சைக்கிளுக்கு வரும் 26 க்கு 1⅜ டயரின் உள்விட்டம் 590 மில்லிமீற்றர். மலைச் சைக்கிளின் 26 க்கு 559. முப்பத்தொரு மில்லிமீற்றர் வித்தியாசம், அதனால்தான் கழன்று வந்தது. பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள், 50-559 என்பது போல இரண்டு எண் புடைத்திருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது விட்டம். அந்த இரண்டாவது எண்ணை மட்டும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 27.5 சக்கரம் என்றால் 584, 29 என்றால் 622.

உங்கள் பாதைக்கு 1.95 அளவில் ஒன்று பாருங்கள். நடுப் பற்கள் தொடர்ச்சியான கோடு போல இணைந்து, ஓரத்தில் மட்டும் தனித்தனிப் பல் இருக்க வேண்டும். தாரில் நடுக்கோடு இலகுவாக உருளும், கிறவலில் சாயும்போது ஓரம் பிடிக்கும். காற்று 35 வையுங்கள். மாரியில் 30 க்கு இறக்குங்கள். இரண்டாவது சோடி உங்களுக்குத் தேவையில்லை.

டியூப்லெஸ், அதாவது டியூப் இல்லாத டயர் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. நான் போட்டிருக்கிறேன். நெருஞ்சிக்கு அதைப் போல மருந்து இல்லை, உள்ளே ஊற்றியிருக்கும் பால் போன்ற அடைப்புத் திரவம் ஓட்டையை அந்த நிமிடமே அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் அந்தப் பால் இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்து தோலாகிவிடுகிறது. ஊற்றிவிட்டு மறந்தால் முள் குத்தும் நாளில்தான் தெரியவரும். ஒல்லி வால்வு என்றால் பெட்ரோல் செட் காற்றுக் குழாய் பொருந்தாது, சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் கோர்த்து வையுங்கள்.

உவர்மலையில் இருந்து:

எல்லாருக்கும் நன்றி. பாலையூற்று அண்ணா சொன்னபடி முதலில் டயர் வாங்காமல் காற்றை மட்டும் குறைத்தேன். முன் 26, பின் 29. இன்று காலை விழுந்த அதே திருப்பத்துக்குப் போனேன். முழங்கை இன்னும் கட்டோடுதான் இருக்கிறது, அதனால் மெதுவாகவே போனேன். முன்பெல்லாம் கைக்கு வரும் அந்தக் கடகட அதிர்வு பாதியாகக் குறைந்திருந்தது. திருப்பத்தில் முன் சக்கரம் ஒரு தடவை நழுவப் பார்த்துத் திரும்பப் பிடித்துக்கொண்டது. தேய்ந்த ஓரம் ஓரம்தான், இன்னும் சாய்த்திருந்தால் போயிருக்கும்.

ஆகவே முன்னுக்கு மட்டும் 2.35 இல் உயர்ந்த ஓரப் பல் ஒன்று வாங்குகிறேன். இப்போது முன்னால் இருப்பது பின்னுக்குப் போகிறது. கவரில் 2.35 க்கு இடம் இருக்கிறதா என்று அளந்தேன், இரண்டு பக்கமும் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. ஐப்பசி மழை இறங்கும்வரை இதில் ஓடுவேன். தம்பலகாமத்துத் தம்பி, கார்த்திகையில் உங்கள் சேற்று டயரை ஒரு நாளைக்கு இரவல் தருவீர்களா? கழுவித்தான் திருப்பித் தருவேன்.