இருவழிச் சொல் கண்டுபிடிக்கும் பைத்தான் நிரல்: விகடகவிக்கே ஃபால்ஸ் வருது, உதவுங்க

கடைசிபெஞ்ச்:
பள்ளித் தமிழ் மன்றத்துக்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். சொல்லைக் கொடுத்தால், திருப்பிப் படித்தாலும் அதே சொல்தானா என்று சொல்லணும். சரத்தை (சொல்லின் குறியீட்டு வரிசையை) அப்படியே திருப்பி, பழையதோடு ஒப்பிடுறேன், அவ்வளவுதான். ‘கடக’ சரியா வருது. விகடகவி, குடகு, திகதி எல்லாமே ஃபால்ஸ். இதைவிட வேடிக்கை, ‘பாப’ என்றால் ட்ரூ, ‘பாப்பா’ என்றால் ஃபால்ஸ்! எங்கே இடிக்குது?

எழுத்தெண்ணி:
தம்பி, திருப்பின சரத்தை பிரிண்ட் பண்ணிப் பாருங்க. ‘ிவகடகிவ’ன்னு வரும். தொடக்கத்திலேயே இகரக் குறி அநாதையா நிக்குது பாருங்க. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ‘வி’ ஒரே குறியீடு இல்லை. வ தனி, அதன் இகரக் குறி தனி. நமக்கு விகடகவி 5 எழுத்து, பைத்தானிடம் லென் (நீளம்) கேட்டா 7. ‘கடக’வில் குறியே கிடையாது, அதான் தப்பிச்சுது.

பாப என்பது அதுக்கு ப, துணைக்கால், ப. திருப்பினாலும் அதே. எழுத்தா பார்த்தா பா, ப, அது இருவழிச் சொல்லே இல்லை. பாப்பாதான் அசல்: பா, ப், பா.

முதலில் எழுத்து எழுத்தா பிரிங்க, அப்புறம் பட்டியலைத் திருப்புங்க. பைத்தானோடு வரும் ‘ரீ’ என்ற தேடல் தொகுப்பு இதுக்கு ஆகாது. பிப் என்ற நிறுவும் கருவி மூலம் ‘ரெஜெக்ஸ்’ தொகுப்பை நிறுவி, பேக்ஸ்லாஷ் போட்டுப் பெரிய எக்ஸ் (முழு எழுத்து என்று பொருள்) கொடுத்து ஃபைண்ட்ஆல் பண்ணுங்க.

கடைசிபெஞ்ச்:
நன்றிண்ணா, விகடகவி வந்துடுச்சு. ஆனா ‘மோரு போருமோ’ இன்னும் ஃபால்ஸ். இடைவெளியை எடுத்துட்டேன். முதல் சொல் நானே அடிச்சது, அடுத்தது ஒரு பழைய பிடிஎஃப்பிலிருந்து ஒட்டினது.

சந்திப்பிழை:
அந்த ஒட்டினதுலதான் கோளாறு இருக்கும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமா இரண்டாவும் வைக்கலாம். திரையில் ரெண்டும் ‘மோ’தான், ஒப்பிட்டா வேற வேற. பிரிக்கிறதுக்கு முன்னாடி யூனிகோடுடேட்டா தொகுப்பின் நார்மலைஸை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்து ஓட்டுங்க. ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

எழுத்தெண்ணி:
சரியாச் சொன்னீங்க. தம்பி, சோதிக்க ஒற்றைச் சொல் போதாது. மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் பாடிய, திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பதிகத்தின் முதல் பாட்டைக் கொடுங்க:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

28 எழுத்து, எல்லாமே நெடில். ஒவ்வொன்றும் ரெண்டு குறியீடு, ஆக 56. பழைய நிரல் இதில் கட்டாயம் மண்ணைக் கவ்வும். பாட்டை அடி அடியா உடைச்சுச் சோதிக்காதீங்க. முதலடியின் கடைசி எழுத்திலிருந்துதான் இரண்டாம் அடி திரும்பி நடக்குது. வரி முறிவையும் இடைவெளியோடு சேர்த்து நீக்கிடுங்க.

கடைசிபெஞ்ச்:
ட்ரூ! மோரும் வந்துடுச்சு. க்ஷ வரும் சொல்லுக்கு ஏதாவது தனியா செய்யணுமாண்ணா?

எழுத்தெண்ணி:
ரெஜெக்ஸ் அதை க், ஷன்னு ரெண்டா உடைக்கும். ஒரே எழுத்தா எண்ணணும்னா, அந்த மூணு குறியீட்டையும் பேட்டர்னில் முதல் தேர்வா வையுங்க, பின்னாடி வரும் உயிர்க்குறியோடு சேர்த்து.