டைக்கு அச்சு போதுமா? – தோட்டா மறுநிரப்பல் சொற்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்குள் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும். கனடாவில் தூர இலக்குச் சுடுதலில் ஈடுபட்டிருக்கும் ஈழத்தமிழர் சிலருக்கான கையேடு. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து, புது மருந்தும் குண்டும் இட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். கூட்டை அளவாக்கும் எஃகுக் கருவிதான் டை. மற்ற பக்கங்கள் முடிந்தன. 'எந்த டையை வாங்குவது' என்ற பகுதியில் மூன்று நாளாக நிற்கிறேன்.

நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. இந்தக் கருவியை நான் கையில் தொட்டதில்லை. படங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டது இது. 6.5 கிரீட்மூர் என்று ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்த தோட்டாவை வைத்துக்கொள்வோம். சுடும்போது கூடு வீங்கித் துப்பாக்கி அறையின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டை அதைக் கழுத்திலிருந்து அடிவரை ஒடுக்கும். இன்னொன்று கழுத்தை மட்டும் ஒடுக்கும். வேறொன்றில் கழுத்தை ஒடுக்கும் வளையத்தைக் கழற்றி மாற்றலாம். குண்டைக் கூட்டின் வாயில் இருத்துவதற்கு ஒன்று தனியாக உண்டு. எல்லாவற்றையும் 'அச்சு' என்றே எழுதினால் படிப்பவர் கடையில் எதைக் கேட்பார்?

தைப்பிங்கிலிருந்து, செவ்வாய் காலை

அன்புத் தங்கைக்கு,

அச்சு என்பதில் தயக்கமே வேண்டாம். எங்கள் அப்பா நகைப் பட்டறையில் கம்பியச்சு வைத்திருந்தார். வரிசையாகத் துளையிட்ட எஃகுத் தகடு. தங்கக் கம்பியைப் பெரிய துளையில் விட்டு இழுப்பார், அடுத்து அதைவிடச் சிறியதில். ஒடுக்கி அளவுக்குக் கொண்டுவருவதுதானே உங்கள் டையின் வேலையும்? கொங்குக் கல்வெட்டுகளில் அச்சு என்றே ஒரு காசு வருகிறது. காசு அடித்த இடத்துக்கு அக்கசாலை, கம்பட்டம் என்றெல்லாம் பெயர். மலாய்க்காரர் வார்ப்படத்தை 'அச்சுவான்' என்கிறார்களே, அதுவும் நம்மிடமிருந்து கப்பலேறியதுதான் என்பது என் துணிபு. வள்ளுவர் 'அச்சிறும்' என்றது மட்டும் வண்டியின் இருசு. அது வேறு அச்சு. அதை எழுதப் புகுந்தால் இன்னொரு மடல் வேண்டும்.

ஈப்போவிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, கம்பியச்சு அருமை. ஆனால் இங்கே அச்சு என்றதும் யாருக்கும் தீபாவளி அச்சு முறுக்குதான் நினைவுக்கு வரும். அந்த அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டால் மாவு அச்சுக்கு வெளியே ஒட்டி வேகும். உங்கள் டையிலோ கூடு உள்ளே போகிறது. மாவு முறுக்கு பிழியும் உழக்கின் வில்லைக்கும் அச்சு என்றே பேர். மூன்று வேலைக்கு ஒரே சொல். நெருக்கி அளவாக்குவதால் 'நெருக்கி' என்று வைக்கலாமே?

கிள்ளானிலிருந்து, செவ்வாய் இரவு

முதலில் தோட்டாவைத் துரத்துங்கள். அது உருது வழி வந்த சொல். வெடிக்கூடு என்போம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, புதன் காலை

ஐயா, தமிழ் மேல் உங்களுக்கு உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் தோட்டத்துத் தொரை காட்டுப்பன்றி சுட்டுவிட்டுப் போன இடத்தில் லயத்துப் பிள்ளைகள் நாங்கள் பொறுக்கி, வாயில் வைத்து ஊதி விளையாடியது வெற்றுத் தோட்டாதான். எங்கள் பாட்டிக்கும் அதே சொல்தான் தெரியும். அதை நான் மாற்ற மாட்டேன்.

கூட்டுக்குத்தான் நல்ல சொல் வேண்டும். ஈழத்தவர் முட்டை ஓட்டைக் கோது என்பார்கள். வெறும் தோட்டாவும் கோதுதான். குண்டு அவர்களுக்குச் சன்னம். படிக்கப்போகிறவர்கள் அவர்கள். ஆகவே கோது, சன்னம் என்றே எழுதுகிறேன்.

தைப்பிங்கிலிருந்து, புதன் மதியம்

கோதை ஏற்க முடியாது, தங்கச்சி. கோது என்றால் குற்றம், சக்கை. 'கோதிலா' என்று இறைவனையே பாடியிருக்கிறோம். எடுத்தெறிகிற பொருளுக்கு உள்ள பெயரைத் திரும்பத் திரும்பப் பயன்படும் பொருளுக்கு வைக்கலாமா?

பத்து காஜாவிலிருந்து, புதன் இரவு

நான் தொழிற்பயிற்சி வகுப்பில் டூல் அண்ட் டை சொல்லிக்கொடுக்கிறேன். நெருக்கி என்றால் என் மாணவர்கள் பட்டறைப் பிடியைத்தான் எடுத்து வருவார்கள். அச்சு இருக்கட்டும், முன்னால் வரும் சொல் வேலையைச் சொல்லட்டும். கழுத்தச்சு, இருத்தச்சு. இரண்டாவது வினைத்தொகை; இருத்திய, இருத்துகிற, இருத்தும் என்று மூன்று காலமும் அடங்கும்.

வளையம் மாற்றும் அச்சுக்குப் பூணச்சு. உலக்கைப் பூண் மரத்தை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கிறது. தேய்ந்தால் கழற்றி வேறு போடுகிறோம். இங்கேயும் அதே சங்கதி. சன்னம் இருத்திய கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட 0.025 அல்லது 0.05 மி.மீ. குறைந்த பூணைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஈப்போவிலிருந்து, வியாழன் காலை

பூணச்சு என் மனத்தில் ஒட்டிவிட்டது. நெருக்கியை விட்டுவிடுகிறேன். அடிவரை ஒடுக்குவதற்கு உடலச்சு?

சுங்கை சிப்புட்டிலிருந்து, வியாழன் மதியம்

உடலச்சு வேண்டாம் அக்கா. கழுத்தைத் தொடாமல் உடலை மட்டும் ஒடுக்கும் டை தனியாக விற்கிறது. அந்தப் பெயர் அதற்கே போகட்டும். மாற்றிச் சொன்னால் ஆள் தவறான கருவியை வாங்கி வந்துவிடுவார். எனக்கு இதுதான் பெரிய கவலை. கழுத்தச்சை மட்டும் வாங்கியவரின் கோது பலமுறை சுட்டபின் அறையில் இறுகிக்கொள்ளும். அதனால்தான் போட்டியாளர் பலர் இப்போது முழு ஒடுக்கத்தையே விரும்பி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளையும் 0.05 மி.மீ.க்கு மேல் போகாமல் பின்தள்ளுகிறார்கள். பெயர் பிசகினால் இத்தனை விளக்கமும் பிசகும். முழுவச்சு என்று வைக்கிறேன்.

கிள்ளானிலிருந்து, வியாழன் இரவு

முழுவச்சு காதில் முழவச்சு என்று விழுகிறது. மத்தளம் செய்யும் அச்சோ என்று கேட்பார்கள். முற்றச்சு?

பத்து காஜாவிலிருந்து, வியாழன் இரவு

முழு என்பது முற்றியலுகரம், வகர உடம்படுமெய் பெற்று முழுவச்சு ஆகிறது. இலக்கணத்தில் பிழையில்லை. முற்றச்சு என்றால் வீட்டு முற்றம் வந்து நிற்கிறது, ஐயா.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். முழுவச்சு, கழுத்தச்சு, உடலச்சு, பூணச்சு, இருத்தச்சு. கோதும் சன்னமும் இருக்கின்றன, தோட்டாவும் இருக்கிறது. தைப்பிங் அண்ணனின் மறுப்பை முன்னுரையில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன்.

தைப்பிங்கிலிருந்து, சனி காலை

மறுப்பைச் சேர்த்ததற்கு நன்றி, தங்கச்சி. கோது மட்டும் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. கம்பட்டம் பற்றிய மடலை நாளை தனியே எழுதுகிறேன்.